கம்ப்யூட்டர் இல்லாமல் 70-களின் ராக் ஆல்பங்களை எப்படிச் செய்தார்கள்?

வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று, ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் இல்லாத 1970-களில், வெறும் 16 டிராக்கை (தனித்தனியாகப் பதியும் ஒலித்தடங்களை) வைத்துக்கொண்டு அத்தனை அடுக்கு உள்ள ஆல்பங்களை எப்படிப் பதிவு செய்தார்கள்? இரண்டு, இன்று லேப்டாப்பிலேயே நூறு டிராக் கிடைக்கிறதே, பிறகு ஏன் அந்த ஆல்பங்களின் டிரம் சத்தம் நமக்கு வருவதில்லை?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். டேப்பில் திரும்பிப் போக வழி கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் "சரி, இதுதான்" என்று முடிவு செய்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க முடியும். மைக்கை எங்கே வைப்பது, எந்த அறையில் வாசிப்பது, எந்தக் குரலை எதனோடு கலப்பது என்று அன்றன்றைக்கே தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானங்கள் எல்லாம் அப்படியே டேப்பில் உறைந்துபோயின. நாம் இன்று கேட்பது அதைத்தான்.

முதலில் டேப்பைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு அங்குல அகலமுள்ள பழுப்பு நிற நாடா. அதன் அகலத்தில் 16 டிராக்குகள் பக்கம் பக்கமாக ஓடும். பத்தாண்டின் தொடக்கத்தில் பெரிய ஸ்டுடியோக்கள் 8 டிராக்கிலிருந்து 16-க்கு மாறிக்கொண்டிருந்தன. நடுவில் 24 பரவியது. நாடா நொடிக்கு 15 அங்குலமோ 30 அங்குலமோ ஓடும். 30 அங்குல வேகத்தில் 2,500 அடி ரீல் ஒன்று பதினாறு நிமிஷம் சொச்சத்தில் தீர்ந்துவிடும்.

டிரம்ஸுக்கே நாலைந்து டிராக் போய்விடும். அப்புறம் பேஸ் கிதார், இரண்டு கிதார், கீபோர்டு, குரல், கூட்டுக் குரல். இடம் தீர்ந்துபோனால் என்ன செய்வது? ஐந்தாறு டிராக்கைக் கலந்து ஒன்றாகவோ இரண்டாகவோ சுருக்கி வேறு டிராக்கில் பதிவார்கள். இதற்கு பவுன்ஸ் என்று பெயர். காலியான டிராக்குகளில் புதிதாக வாசிக்கலாம். ஆனால் டிக்காஷனில் பால் ஊற்றியாகிவிட்டது. இனி பிரிக்க முடியாது. கூட்டுக் குரலில் ஒருவர் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறார் என்று இரண்டு வாரம் கழித்துத் தோன்றினால், தோன்றியதோடு சரி. போதாததற்கு, ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஒரு படி கூடும், ட்ரெபிள் ஒரு படி மங்கும்.

தப்பைத் திருத்துவதும் அப்படித்தான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சரியான இடத்தில் ரெக்கார்ட் பட்டனை அழுத்த வேண்டும், சரியான இடத்தில் விட வேண்டும். பழையது அந்த நொடியே அழிந்துவிடும். கால் நொடி பிந்தி விட்டால் அடுத்த வரியும் போயிற்று.

வெட்டி ஒட்டுவது என்றால் நிஜமாகவே வெட்டி ஒட்டுவதுதான். நான் இதைக் கற்றுக்கொண்டது சென்னையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில், கால் அங்குல நாடாவில். இரண்டு ரீலையும் இரு கையால் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் உருட்டுவோம். ஸ்பீக்கரில் 'ஊஊ...வ்' என்று உறுமல் கேட்கும். தபலாவின் அடி எந்த இடத்தில் தொடங்குகிறதோ அங்கே வெள்ளை மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. நாடாவைப் பள்ளமுள்ள கட்டையில் படுக்க வைத்து, பிளேடால் சாய்வாக ஒரே இழுப்பு. நேராக வெட்டினால் சேரும் இடத்தில் 'டிக்' என்று கேட்கும். சாய்வாக வெட்டினால் ஒரு சத்தம் இன்னொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு முதுகுப் பக்கம் ஒட்டு நாடா போட்டு நகத்தால் தேய்க்க வேண்டும். முதல் தடவை பிளேடைப் பிடித்தபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பாடகர் வீட்டுக்குப் போய்விட்டார், வேறு நகல் இல்லை, கையில் இருப்பது அந்த ஒரு துண்டுதான். அந்த பயத்தை ஒரு தடவை அனுபவித்தவர்களுக்கு 70-களின் ஆல்பங்கள் வேறு மாதிரி கேட்கும்.

இப்போது நீங்கள் கேட்ட டிரம் சத்தத்துக்கு வருகிறேன். லெட் ஜெப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பம், 1971 நவம்பரில் வெளிவந்தது. அதன் கடைசிப் பாட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்'. அதில் ஜான் பான்ஹாம் வாசிக்கும் டிரம்ஸை ஹிப்-ஹாப்காரர்கள் பலர் வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டடம். 1795-இல் ஏழைகளை வைத்து வேலை வாங்கும் விடுதியாகக் கட்டியது. ஈரமும் குளிரும் நிறைந்த இடம். இசைக்குழு அங்கே தங்கி, வாசலில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவு லாரியை நிறுத்திக்கொண்டது. லாரிக்குள் முழு கண்ட்ரோல் ரூம். ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கேபிள்கள். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டுடியோவில் உட்காருவதைவிட இது வசதி. தூங்கி எழுந்து, டீ குடித்துவிட்டு, தோன்றும்போது வாசிக்கலாம்.

அந்த வீட்டு முன்கூடத்திலிருந்து மாடிப்படி மூன்று தளத்துக்குச் சுழன்று மேலே போகிறது. பான்ஹாமின் டிரம் கிட்டைப் படிக்கட்டின் அடியில் வைத்தார்கள். என்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே இரண்டு மைக்கை எடுத்து, படிக்கட்டின் மேல் தளத்திலிருந்து கீழே பார்த்தபடி பொருத்தினார். பேஸ் டிரம்முக்கென்று தனி மைக் கிடையாது. ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் ஒரு மைக் வைப்பது வழக்கமாகிக்கொண்டிருந்த காலம் அது. இவரோ சத்தம் கூடத்தில் எழுந்து, படிக்கட்டுச் சுவர்களில் மோதி, மேலே வந்து சேரும்வரை காத்திருந்து பிடித்தார். பிறகு அதைக் கம்ப்ரஸரில் அழுத்தி, பின்சன் என்ற இத்தாலிய எக்கோ கருவியையும் சேர்த்தார். கம்ப்ரஸர் என்ன செய்யும் என்றால், அடியின் உச்சியைத் தட்டிக் கீழே இறக்கும். அதனால் அடி ஓய்ந்தபின் வரும் அறையின் மூச்சு மேலே எழும்பும். அந்தப் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஏதோ விரிந்து சுருங்குகிறதே, அது அந்த வீடு. போதாததற்கு, பாட்டை வாசித்த வேகத்தைவிட மெதுவாக டேப்பை ஓட்டியும் வைத்தார்கள். டிரம் இன்னும் கனத்துவிட்டது.

இதே பாட்டை அதற்கு முன்னால் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் முயன்று, சரிவராமல் விட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதே நான்கு பேர்தான். ஆனால் அறை மாறியிருந்தது. இரண்டு மைக்கில் எல்லாம் கலந்துவிட்டதால் பிற்பாடு ஸ்னேர் டிரம்மை மட்டும் தூக்கவோ சிம்பல் தட்டை மட்டும் குறைக்கவோ வழியில்லை. அதனால் சமநிலை பான்ஹாமின் கையிலேயே இருக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது இருந்தது. எந்த அடி எவ்வளவு பலமாக விழ வேண்டும் என்று தெரிந்து அடிக்கிறவர் அவர்.

பிறகு ஆல்பம் முழுவதையும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்து, அதாவது எல்லா டிராக்கையும் இறுதியாக ஒன்றாகக் கலந்து, ஊருக்குக் கொண்டுவந்து போட்டுக் கேட்டபோது, மோசமாக ஒலித்தது. அங்கே இருந்த ஸ்பீக்கர்களை நம்பி ஏமாந்திருந்தார்கள். மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டியதாயிற்று. தப்பியது இந்த ஒரே பாட்டின் மிக்ஸ்தான்.

இதே லாரி அதே ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் மான்ட்ரூ ஊருக்குப் போனது. டீப் பர்ப்பிள் குழு 'மெஷின் ஹெட்' ஆல்பத்தை அங்கே ஏரிக்கரையில் இருந்த காசினோவில் பதிவு செய்வதாக ஏற்பாடு. குளிர்காலத்துக்கு மூடப்போகிற கட்டடம், அதில் கடைசியாக ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. 1971 டிசம்பர் 4. கூட்டத்தில் ஒருவர் சிக்னல் துப்பாக்கியை மேலே பார்த்துச் சுட, கூரையில் தீப்பிடித்துக் கட்டடம் முழுக்க எரிந்துபோனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஜெனீவா ஏரியின் மேல் புகை பரவுவதைக் குழுவினர் பார்த்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கம் கலையும்போது பேஸ் வாசிக்கும் ரோஜர் க்ளோவரின் வாயில் வந்த சொற்றொடர்தான் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'.

லாரி வந்துவிட்டது, இடம் இல்லை. முதலில் ஊருக்குள் ஒரு அரங்கத்தில் தொடங்கினார்கள். இரவில் அந்தச் சத்தத்தை ஊர் தாங்கவில்லை. போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உதவியாளர்கள் உள்ளேயிருந்து கதவைத் தாங்கிப் பிடிக்க, அதற்குள் ஒரு பாட்டின் வாத்தியப் பகுதியை மட்டும் முடித்தார்கள். அதுதான் பிற்பாடு புகையைப் பற்றிய பாட்டானது. அங்கிருந்து கிளம்பி, குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலைப் பிடித்தார்கள். அதன் நடைகூடத்தில் மெத்தைகளை நிறுத்தி எதிரொலியை அடக்கி, அங்கேயே ஆம்ப்களை (கிதார் ஒலிபெருக்கிகளை) வைத்து வாசித்தார்கள்.

அந்த ஹோட்டலில் எனக்கு மிகப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் லாரிக்குப் போக வேண்டும். அதற்கு அறைகளுக்குள் நுழைந்து, பால்கனிகளைக் கடந்து, பனியில் நடந்து போக வேண்டும். கொஞ்ச நாளில் சலித்துப்போய், கேட்கப் போவதையே விட்டுவிட்டார்கள். என்ஜினியர் மார்ட்டின் பிர்ச் சரி என்றால் சரி. அதனால் ஒவ்வொரு டேக்கையும், அதாவது ஒவ்வொரு தடவை வாசித்ததையும், உட்கார்ந்து அலசும் பேச்சே இல்லாமல், வாசிக்கும் சூடு ஆறாமல் அடுத்த பாட்டுக்குப் போக முடிந்தது. அந்த ஆல்பத்தில் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி வாசிப்பது தெளிவாகக் கேட்கிறது. ஜான் லார்டு ஹாமண்ட் ஆர்கனைக் கிதாருக்கான மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டு, கிதாரோடு மோதுகிற மாதிரி வாசிப்பதைக் கேளுங்கள். பல இடங்களில் எது கிதார், எது ஆர்கன் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிர்த் துருவம் பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் 1972 நடுவில் தொடங்கி, கச்சேரிப் பயணங்களுக்கு இடையே பிய்த்துப் பிய்த்துப் பதிவு செய்து, 1973 மார்ச்சில் வெளியிட்டார்கள். ஸ்டுடியோவுக்குள் நுழைவதற்கு முன்பே மாதக்கணக்கில் மேடையில் வாசித்துப் பார்த்திருந்தார்கள். இது பலருக்குத் தெரியாது. ஸ்டுடியோ மாயம் என்று நாம் நினைக்கிற ஆல்பத்தின் எலும்புக்கூடு கூட்டத்தின் முன்னால் உருவானது.

அதில் 'மனி' பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். காசு விழும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம் என்று ஏழு சத்தம் தாளமாகச் சுற்றும். குழுவில் பேஸ் வாசிக்கும் ரோஜர் வாட்டர்ஸ், தன் மனைவி மண்பாண்ட வேலைக்கு வைத்திருந்த பெரிய கலக்கும் பாத்திரத்துக்குள் காசுகளைப் போட்டுச் சுழற்றிப் பதிவு செய்தார். டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசன் பழைய பென்னிக் காசுகளில் ஓட்டை போட்டு நூலில் கோத்தார். பிறகு ஒவ்வொரு சத்தத்தையும் ஸ்கேல் வைத்து ஒரே நீளத்துக்கு அளந்து வெட்டி, வரிசையாக ஒட்டி, இரு முனையையும் சேர்த்து வளையமாக்கினார்கள். இங்கே ஒரு அழகு இருக்கிறது. டேப்பில் நேரம் என்பது நீளம். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை நொடி என்றால் ஏழரை அங்குலம். தாளத்தைக் கையில் எடுத்து, மேஜையில் பரப்பி, அளவுகோலால் அளக்கலாம். ஏழு துண்டு ஒட்டினால் ஏழு அட்சரம். நம் காதுக்கு மிஸ்ர நடை புதிதில்லை. ஆனால் பெரிய ஹிட்டான ராக் பாட்டு ஒன்று ஏழில் நடப்பது அப்போது அரிது. கிதார் சோலோ வரும்போது மட்டும் நான்குக்கு மாறிக்கொள்கிறார்கள்.

'டைம்' பாட்டின் கடிகாரங்கள் அந்த ஆல்பத்துக்காக எடுத்தவையே அல்ல. என்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் நான்கு ஸ்பீக்கர் ஒலியைச் செய்து காட்டுவதற்காக, பழைய கடிகாரக் கடை ஒன்றில் ஒவ்வொரு கடிகாரமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். பாட்டைக் கேட்டதும் 'இது உதவுமா?' என்று கொண்டுவந்து கொடுத்தார். ஆல்பம் தொடங்கும்போதும் முடியும்போதும் கேட்கிற இதயத் துடிப்பு, துணி சுற்றி மெதுவாக அடித்த பேஸ் டிரம். நடுநடுவே வரும் பேச்சுக்குரல்களுக்கு வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதி வைத்தார். உனக்குச் சாகப் பயமா, கடைசியாக எப்போது ஒருவரை அடித்தாய் என்கிற மாதிரிக் கேள்விகள். கட்டடத்தில் யார் அகப்பட்டாலும் உட்கார வைத்துப் பதில் வாங்கினார்கள். பக்கத்து அறையில் வேலையாக இருந்த பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியையும் கேட்டார்கள். அவர் பதில்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்ததால் சேர்க்கவில்லை. ஆல்பத்தின் கடைசிப் பேச்சு ஸ்டுடியோ வாயில் காவலருடையது. உலகப் புகழ் பெற்றவரை விட்டுவிட்டு வாட்ச்மேன் குரலை வைத்துக்கொண்டார்கள். அந்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழுவின் மேல் மரியாதை கூடுகிறது.

பாடகி கிளேர் டோரி விஷயமும் அப்படித்தான். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டுக்கு ஒரு பெண் குரல் வேண்டும், சொற்கள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவரை அழைத்தார்கள். என்ன பாட வேண்டும் என்று யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. தன் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு சில டேக் பாடினார். பாடி முடித்தபோது கூச்சமாக இருந்ததாம். இதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எண்ணியபடி கிளம்பினார். சம்பளம் 30 பவுண்ட். பிற்பாடு கடையில் ஆல்பத்தைப் பார்த்துத்தான் தன் குரல் அதில் இருப்பதே அவருக்குத் தெரிந்தது. அந்த மெட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று 2004-இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசமாகி, இப்போது குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்டு ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இசையமைப்பாளராக வருகிறது. கேட்டுப் பாருங்கள், அது நியாயம் என்று உங்களுக்கே தெரியும்.

16 டிராக்கில் அத்தனை அடுக்கு எப்படி என்றீர்களே. இந்த ஆல்பத்தில் அடிப்படை வாத்தியங்களை ஒரு 16 டிராக் நாடாவில் எடுத்து, அதைச் சுருக்கி இரண்டாவது 16 டிராக் நாடாவுக்கு மாற்றி, மேலே மற்றவற்றைச் சேர்த்தார்கள். டிரம்ஸின் சமநிலை பாதி வழியிலேயே முடிவாகிவிட்டது.

ஆனால் டேப்பை வைத்துச் செய்தவற்றில் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு தருவது ஒரு காதல் பாட்டு. டென் சிசி குழுவின் 'ஐம் நாட் இன் லவ்', 1975. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட்டில் அவர்களே நடத்திய ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் செய்தது. முதலில் போஸா நோவா என்ற பிரேசில் நடையில் பதிவு செய்து, பிடிக்காமல் அழித்துவிட்டார்கள். ஆனால் ஸ்டுடியோவில் வேலை செய்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். சரி, வாத்தியம் எல்லாம் வேண்டாம், முழுக்கக் குரலாகவே செய்வோம் என்றார் குழுவில் ஒருவரான கெவின் காட்லி.

எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். மூன்று பேர் மைக் முன்னால் நின்று 'ஆ' என்று ஒரே ஸ்வரத்தைப் பாடுகிறார்கள். அதை ஒரு டிராக்கில் பதிகிறார்கள். மறுபடி அதே ஸ்வரம், அடுத்த டிராக். இப்படி 16 தடவை. மூன்று பேர் 16 தடவை என்றால் ஒரே ஸ்வரத்துக்கு 48 குரல். அதைக் கலந்து, பல அடி நீள வளையமாக ஒட்டி, டேப் மெஷினிலிருந்து வெளியே இழுத்து மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். இப்போது அந்த 'ஆ' மூச்சு வாங்காமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒலிக்கும். அதை 16 டிராக் நாடாவில் ஒரு டிராக்கில் சில நிமிஷம் பதிந்தார்கள். அப்புறம் அடுத்த ஸ்வரம். ச-வில் தொடங்கி மேல் ச வரை, நடுவில் உள்ள அரை ஸ்தானங்கள் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று. இந்த வேலைக்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது நாடாவில் பதின்மூன்று டிராக், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு டிராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்க, கன்சோல் என்ற கலக்கும் மேஜையில் ஃபேடர் என்ற நகரும் பித்தான் உண்டு. எல்லா ஃபேடரையும் ஏற்றினால் வெறும் கூச்சல். குழுவினர் கன்சோல் முன்னால் வரிசையாக நின்று, ஆளுக்குச் சில ஃபேடரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கார்டு வரும்போதும் அதற்குரிய ஸ்வரங்களை மட்டும் ஏற்றி மற்றதை இறக்கினார்கள். மிக்ஸிங் கன்சோலே ஒரு சுருதிப்பெட்டி ஆகிவிட்டது, துருத்திக்குப் பதில் விரல்கள். இதில் ஒரு நுட்பம்: ஃபேடர் முழுக்க இறங்கிவிடாதபடி அடியில் ஒட்டு நாடாவால் தடை வைத்தார்கள். அதனால் பாட்டு முழுக்கப் பதின்மூன்று ஸ்வரமும் மிகமிக மெல்லிதாகப் பின்னால் இருந்துகொண்டே இருக்கும். பாட்டைச் சுற்றி ஒரு மூடுபனி மாதிரி இருக்கிறதே, அது இதுதான். நடுவில் கிசுகிசுப்பாக வரும் பெண் குரல் ஸ்டுடியோவில் செயலாளராக இருந்தவருடையது. தொலைபேசி வந்திருப்பதாக மெதுவாகச் சொல்ல உள்ளே வந்தார். இந்தக் குரல்தான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

இன்று இதே சத்தத்தை ஒரு கீபோர்டு பட்டனில் பெறலாம். ஆனால் அந்த மூடுபனி வராது. ஒட்டு நாடாவைத் தடையாக வைக்க வேண்டும் என்ற யோசனை, ஃபேடர் கையில் இருந்தவர்களுக்குத்தான் தோன்றும்.

குவீனின் 'பொஹீமியன் ராப்சடி' கதை ஊரறிந்தது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1975 ஆகஸ்டில் வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில் தொடங்கினார்கள். ஆபரா பகுதிக்கு நடுவில் இடம் விட்டு, தாளம் மட்டும் வைத்துவிட்டு, மீதியைப் பதிந்தார்கள். அப்புறம் ஃபிரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூன்று பேரும் நாள் முழுக்க, வாரக்கணக்கில் பாடி, பவுன்ஸ் மேல் பவுன்ஸாக அடுக்கினார்கள். 24 டிராக் போதவில்லை. நாடா அத்தனை தடவை மெஷினின் ஹெட்டின் மேல் (நாடாவில் பதிந்து படிக்கும் பாகத்தின் மேல்) ஓடியதில் அதன் பூச்சு உதிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம். இன்னும் சில நாள் வேலை செய்திருந்தால் பாட்டே காற்றில் போயிருக்கும்.

ஃப்ளீட்வுட் மேக் குழுவுக்கு அது கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. 1977 பிப்ரவரியில் வந்து கோடிக்கணக்கில் விற்ற 'ரூமர்ஸ்' ஆல்பம். கலிஃபோர்னியாவில் சாசலிட்டோ ஊரில், 1976-இல் தொடங்கினார்கள். குழுவுக்குள் இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்த நேரம். பிரிந்துகொண்டிருந்தவர்களே, ஒருவர் மற்றவரைப் பற்றி எழுதிய வரிகளுக்குக் கூட்டுக் குரல் கொடுத்தார்கள். அதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. எனக்கு முக்கியம் டேப்பின் கதை.

மாதக்கணக்கில் ஓவர்டப் செய்ததில், அதாவது பதிந்ததன் மேல் புதிதாக வாசித்துச் சேர்த்ததில், மூல நாடா ஆயிரக்கணக்கான தடவை ஓடியிருந்தது. ஒரு நாள் என்ஜினியர் கென் காலட் கவனித்தார்: டிரம்ஸில் உயிரே இல்லை. ஸ்னேரின் பளிச் என்ற ஓசை போய்விட்டது. கருவியில் கோளாறு இல்லை, நாடாதான் தேய்ந்துவிட்டது. அதிர்ஷ்டவசமாக, ஆரம்பத்தில் அடிப்படை வாத்தியங்களை வாசித்தபோதே இரண்டு மெஷினில் பதிந்திருந்தார்கள். இரண்டாவது நாடா கைபடாமல் புதிதாக இருந்தது. ஆனால் அதில் பிற்பாடு சேர்த்த குரலோ கிதாரோ இல்லை. பழைய நாடாவிலிருந்து அவற்றைப் புதியதற்கு மாற்ற வேண்டும். இரண்டு மெஷினையும் ஒரே வேகத்தில் பிணைக்கும் கருவி அவர்களிடம் இல்லை. இரண்டு டேப் மெஷின் தனித்தனியாக ஓடினால் அரை நிமிஷத்திலேயே ஒன்றையொன்று விட்டு விலகிவிடும்.

இந்த வேலையில் தேர்ந்த ஒருவரை அழைத்தார்கள். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு காதில் பழைய நாடாவின் டிரம்ஸ், மறு காதில் புதிய நாடாவின் டிரம்ஸ் என்று வைத்து, இரண்டும் தலைக்கு நடுவே ஒரே சத்தமாகக் கேட்கும்படி வேகக் குமிழை விரலால் திருப்பிக்கொண்டே இருந்தார். சத்தம் இடது பக்கம் நகர்ந்தால் கொஞ்சம் வேகம் கூட்ட வேண்டும், வலது பக்கம் போனால் குறைக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படி. இரவு முழுக்க உட்கார்ந்து செய்து முடித்தார். அந்த ஆல்பத்தைக் கேட்கும் யாருக்கும் அந்த இரவு தெரியாது. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்.

மிக்ஸிங் என்பதும் அன்று ஒரு வாசிப்புதான். இப்போது மாதிரி நகர்த்தியதையெல்லாம் மெஷின் நினைவில் வைத்துக்கொள்ளாது. பாட்டு ஓடும்போது என்ஜினியர் ஒரு பக்கம், கிதார்காரர் மறுபக்கம், உதவியாளர் எக்கோ குமிழில் என்று நாலைந்து பேர் கன்சோலில் நெருக்கியடித்து நிற்பார்கள். யாரோ ஒருவர் சோலோவில் ஃபேடரை ஏற்ற மறந்தால் முதலிலிருந்து வர வேண்டும். பிங்க் ஃபிளாய்டில் எக்கோ நிறைய வேண்டும் என்று கிதார்காரர் டேவிட் கில்மோரும், வேண்டாம், வறட்சியாக இருக்கட்டும் என்று வாட்டர்ஸும் முட்டிக்கொண்டதால், நடுவராக கிறிஸ் தாமஸ் என்ற தயாரிப்பாளரை வெளியிலிருந்து அழைத்து வந்தார்கள்.

கடைசியாக இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம், கொஞ்சம் கூட. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும், சத்தம் குறையும். கனத்த கீழ் ஒலி அதிகமானால் பள்ளம் அகலமாகும். அதனால் எந்தப் பாட்டு எங்கே வருகிறது என்பதும் ஆல்பத்தின் அமைப்பில் சேர்த்தி. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டில் கிளேர் டோரியின் குரல் அடங்குவதோடு முதல் பக்கம் முடிகிறது. எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டால்தான் காசுச் சத்தம். விடாமல் ஓடும் சிடியிலோ போனிலோ கேட்டவர்களுக்கு நடுவில் இருந்த அந்த மௌனம் கிடைத்ததே இல்லை.

பெரிய ஸ்டுடியோ இருந்தவர்களால்தான் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ்டன் குழுவின் முதல் ஆல்பம், 1976. போலராய்டு நிறுவனத்தில் என்ஜினியராக இருந்த டாம் ஷோல்ஸ் தன் வீட்டு நிலவறையில், பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்துச் செய்தார். வழக்கமான ஸ்டுடியோவில் பதிவதாக ரெக்கார்டு கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே 70 லட்சம் பிரதி போனது.

ஆக, டிரம் விஷயத்தில் என் யோசனை இதுதான். பிளக்-இன் (ஒலியை மாற்றும் மென்பொருள்) தேடுவதை ஒரு வாரம் நிறுத்துங்கள். மாடிப்படி உள்ள வீடோ, பெஞ்சு அகற்றிய பள்ளிக்கூட ஹாலோ, காலியான கல்யாண மண்டபமோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். டிரம்மர் அடிக்கும்போது நீங்கள் அந்த இடம் முழுக்க நடந்து, காதுக்கு எங்கே நன்றாகக் கேட்கிறது என்று பாருங்கள்; படியேறியும் பாருங்கள். அங்கே இரண்டு மைக் வையுங்கள், அவ்வளவுதான். ஸ்னேர் அமுங்கிக் கேட்டால் மைக்கைக் கூட்டாதீர்கள். டிரம்மரிடம் சொல்லி சிம்பலை மெதுவாக அடிக்க வையுங்கள். மூன்று டேக் எடுங்கள், ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அன்று மாலையே அழித்துவிடுங்கள். பிறகு அதன்மேல் பேஸை வாசியுங்கள்.